ஐஸ் பேக்டரியில் இடைவேளை

எங்கள் ஊரில் சினிமாத் திருவிழா நடந்தது ஐஸ் பேக்டரியில். வேறு இடம் கிடையாது. இருந்த ஒரு கொட்டகையும் புயலில் கூரை போய் மூடிக் கிடந்தது.

டெக்சாஸில் கடலை ஒட்டிய சின்ன ஊர் அது. ஒரு காலத்தில் கரை முழுக்க இறால் படகுகள் நின்றனவாம். நாங்கள் போனபோது விரல் விட்டு எண்ணலாம். இறால் இல்லாத ஊரில் ஐஸ் எதற்கு? பேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். அப்பா பக்கத்துக் கப்பல் பட்டறையில் வெல்டர். தூத்துக்குடியில் செய்த அதே வேலை. நான் அங்கே நாலாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவள். அதற்கு மேல் படிப்பு எனக்கு ஒட்டவில்லை. அது வேறு கதை.

அம்மாவுக்கு அந்த ஊரில் பேச ஆள் இல்லை. எங்களைத் தவிரத் தமிழ்க் குடும்பம் கிடையாது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது, வாயைத் திறக்கமாட்டாள். நம்மாட்கள் நிறைய இருக்கிற சுகர் லேண்ட் ஊரில் இருந்த பெரியம்மா தினமும் போனில் கூப்பிடுவாள். "அங்க எதுக்குக் கெடந்து சாகுத? பிள்ளையக் கூட்டிட்டு இங்க வந்துரு." அப்பா வேலையை விட்டுவிட்டு வர முடியாது. கோடைக்குப் பள்ளி மூடியதும் நானும் அம்மாவும் மட்டும் போவதாக முடிவானது. லீவுக்கு என்று என்னிடம் சொன்னார்கள். பெட்டி கட்டிலடியில் பாதி அடுக்கியபடி இருந்தது. அதில் இட்லிச் சட்டியும் இருந்தது. லீவுக்கு யாராவது இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திருவிழா, லைப்ரரியில் வேலை பார்த்த ஆன்ட்டியின் யோசனை. படம் போட்டால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், ஊர் கொஞ்சம் மூச்சு விடும் என்று நம்பினார். கரீபியன் தீவு ஒன்றில் எங்கள் ஊர் மாதிரியே நொடித்துப்போன மீன்பிடி ஊர் இருக்கிறதாம். அந்த ஊர்க்காரர்களே எடுத்த படம். எடுத்த பெண்ணும் நேரில் வருவதாக இருந்தது. ஆளுக்கொரு வேலை. சர்ச்சிலிருந்து நாற்காலி வந்தது. படகுத் தார்ப்பாயில் திரை தைத்தார்கள். அப்பா பட்டறை விட்டு வந்து சாயங்காலங்களில் வயரிங் செய்தார். காசு வாங்கவில்லை. அப்பா பற்றவைத்த இரும்பு விட்டது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவருக்குப் பெருமை.

யாரும் எதிர்பார்க்கவில்லை, அம்மாவும் ஒரு வேலை கேட்டாள். "எல்லாருக்கும் நான் பஜ்ஜி போடுதேன்னு சொல்லுங்க." அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்ச் சொன்னார்.

அம்மா ஹில்கிராஃப்ட் இந்தியக் கடையிலிருந்து கடலை மாவு வரவழைத்தாள். பஜ்ஜி மிளகாய்க்குப் பதில் அந்த ஊர் ஹாலப்பீனோ மிளகாய். பேக்டரியின் பின்பக்கம், கடலைப் பார்த்த மேடையில், இறால் அவிக்கிற பெரிய கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டாள். முன்வாசலில் புகை வரக் கூடாதே.

"இன்டர்வெல் விட்டதும் சூடா இருக்கணும். ஆறுனா பஜ்ஜி இல்ல, செருப்பு. நீ உள்ள உக்காந்து பாரு. விடப்போற மாதிரி இருந்தா ஓடி வந்து சொல்லு."

அப்பாவும் சரி என்றார். அமெரிக்காவில் நாங்கள் யாரும் தியேட்டருக்குப் போனதில்லை. பள்ளியில் படம் போட்டால் மணி அடித்ததும் பாதியில் நிறுத்துவார்கள். அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் கூட்டம் வந்தது. வெளியூர்க் கார்கள்கூட நின்றன. லைப்ரரி ஆன்ட்டி அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, இவர்தான் நமக்கு வெளிச்சம் கொடுத்தவர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

படம் ஓடியது. நான் பாதியில் எழுந்து பின்பக்கம் ஓடினேன்.

"விட்டாச்சாட்டி?"

"இன்னும் இல்லம்மா."

"கதை எதுவரை வந்திருக்கு? கல்யாணம் நிச்சயமாயிருச்சா?"

"கல்யாணமே இல்ல. இப்பதான் படகு கவுந்துச்சு."

"பெறவு என்ன! படகு கவுந்தா இன்டர்வெல்தான். போ, போ." முதல் ஈட்டை எண்ணெயில் போட்டாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். அன்றுதான் கவனித்தேன்.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். கவிழ்ந்த படகை நிமிர்த்தினார்கள். வலை பின்னினார்கள். பாட்டுப் பாடினார்கள். இடைவேளை வரவில்லை. லைப்ரரி ஆன்ட்டியிடம் போய் எப்போது என்று காதில் கேட்டேன். அவர் சிரித்து, அப்படியெல்லாம் இல்லை கண்ணே, ஒரே ஓட்டமாக ஓடி முடியும், பிறகு கேள்வி பதில், அப்புறம் எல்லோரும் பஜ்ஜியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு என்றார். வீட்டுக்குப் போவது முன்வாசல் வழியாக. கார்கள் அந்தப் பக்கம்தான். அதற்குள் பஜ்ஜி ஆறிச் செருப்பாகியிருக்கும்.

சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்ற அப்பாவிடம் சொன்னேன்.

அவர் திரையைப் பார்த்தார். பின்கதவைப் பார்த்தார்.

"எண்ணெ காஞ்சிருச்சா?"

"முதல் ஈடு எடுத்தாச்சு. நிறுத்தச் சொல்லட்டுமாப்பா?"

"விருந்தாளி படத்த நாம நிறுத்தச் சொல்லக் கூடாது. நீ போய் உக்காரு."

நான் நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை. கரண்ட் போய்விட்டது.

ஐஸ் பேக்டரிக்கு ஜன்னல் கிடையாது. கும்மிருட்டு. "ஓ" என்று ஒரே சத்தம். யாரோ ஒரு படகுக்காரர், வெல்டரிடம் வயரிங்கைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இருட்டில் அப்பாவின் குரல் வந்தது. "பிரேக்கர் ஹாட். ஃபிஃப்டீன் மினிட்ஸ். சாரி." அவ்வளவு ஆங்கிலத்தை அவர் சேர்ந்தாற்போல் பேசி அன்றுதான் கேட்டேன். பிறகு பின்பக்கத்துப் பெரிய இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தார்.

வெயிலும் கடல் காற்றும் உள்ளே வந்தன. கூடவே பஜ்ஜி வாசனை.

முதலில் எழுந்தது, கிண்டல் பண்ணிய அதே படகுக்காரர். இரண்டாவது பஜ்ஜியில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவதற்கும் கை நீட்டினார். பின்னால் வரிசை நின்றது. "வெரி ஹாட், ஸ்லோ, ஸ்லோ" என்று அம்மா அதட்டினாள். தீவிலிருந்து வந்த பெண் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலும் பருப்பு மாவில் இப்படிச் சுடுவார்கள் என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ கேட்டாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். அவளும் பதில் சொன்னாள். பஜ்ஜி தீர்ந்து, வெறும் மாவைக் கரண்டியால் எண்ணெயில் விட்டுப் பொரித்துக் கொடுத்த பிறகுதான் கரண்ட் வந்தது.

திரும்பும்போது காரில் அம்மா ஓயாமல் பேசினாள். மிளகாயை எப்படிக் கீறுவது என்று காட்ட அடுத்த சனிக்கிழமை லைப்ரரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். பேச்சு சுற்றி அப்பாவிடம் வந்தது.

"ஒங்கள நம்பி ஒரு வேலை குடுத்தாங்க. அதையும் இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்களே! கரண்ட் போனது எனக்குத் தோதாப் போச்சு. ஆனா ஊரே சிரிச்சிச்சு."

அப்பா ஓட்டிக்கொண்டே வந்தார்.

"பிரேக்கர் பழசு" என்றார்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பையன், உங்கப்பாதானே படத்தைக் கெடுத்தது என்றான். அவனோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவோடும் இரண்டு நாள் பேசவில்லை. சரியாகத் தெரியாத வேலையை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? அந்த வாரமே இட்லிச் சட்டி அடுப்படிக்கு வந்துவிட்டது. பள்ளி மூடியும் நாங்கள் சுகர் லேண்டுக்குப் போகவில்லை. பெரியம்மாதான் வந்து இருந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடமும் திருவிழா நடந்தது. அன்று காலை அம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வயரிங் பார்க்கக் கிளம்பினார்.

"ஏங்க, இந்தத் தடவ கரண்ட் எப்பப் போகும்?"

"நாலு மணி வாக்குல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. போகப்போகிற நேரம் முன்கூட்டியே தெரிகிறது என்றால், அதைச் சரிபண்ணித் தொலைய வேண்டியதுதானே.