வாங்காதவளுக்குக் கொசுறு

அத்தையின் பிரசங்க நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. கிழமைகளைத் தவறாமல் குறித்தவள் வருஷத்தை எங்கும் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலம், அடைமழை, எனக்கு ஏழு முடிந்து எட்டு நடந்தது. இவற்றைக் கொண்டு முப்பதுகளின் தொடக்கம் என்று கணக்கிடுகிறேன்.

நாங்கள் அப்போது மந்தைவெளியில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தை பெண்கள் கூட்டத்தில் வேதம் வாசித்து வந்தாள். வாசிக்கலாம், விளக்கிப் பேசக் கூடாது. பேச வேண்டுமானால் ஐயர் முன்னால் ஒரு பிரசங்கம் செய்து தேற வேண்டும். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம்; மயிலாப்பூரில் அப்படிக் கேட்டு வழி விசாரித்தால் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் தடவை அத்தை தேறவில்லை. 'உபதேசம் சரி. கடைசி பெஞ்சுக்கு விளங்காது' என்று ஐயர் நோட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் அழவில்லை. அதே பக்கத்தின் கீழே அடுத்த தடவைக்குரிய மூன்று தலைப்புகளை எழுதினாள். இனி ஒரு தடவைதான் உண்டு.

பிரசங்கத்தின் பொருள் கிருபை. தினமும் பின்கட்டுத் துவைக்கும் கல்லின் முன் நின்று பேசிப் பழகினாள். அப்பாவின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் ஆனதும் கை தூக்குவது என் வேலை. இரண்டாம் தலைப்புக்கு உவமை கிடைக்காமல் திண்டாடியபோது, "கொசுறு மாதிரியா அத்தை?" என்று கேட்டேன். கேட்காமலே கறிவேப்பிலைக்காரர் மேலே போடுவாரே, அது. அத்தை என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு எழுதிக்கொண்டாள். பிரசங்கத்தில் பாதி என்னுடையது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன்.

அந்தப் பெருமை புதன்கிழமைவரை நீடித்தது. வழக்கமாக வரும் மீன்கார அம்மா அன்று கூடையை இறக்கிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடலோரக் குப்பத்து மாதா கோயில்காரி. எங்கள் கூட்டங்களுக்கு வராதவள்.

"இன்னாம்மா, கல்லுக்கா ஞானம் சொல்லிக்கினு கீறே?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கொசுறு வாங்கினவளுக்குத்தாம்மா. வாங்காதவளுக்கு எவ குடுப்பா?" என்றாள்.

அத்தை நோட்டைப் புரட்டினாள். கிருபை தகுதி பார்த்து வருவதில்லை என்பதுதான் அவள் முதல் தலைப்பே. கொசுறுக்கோ முதலில் எதையாவது வாங்கியிருக்க வேண்டும். அன்று மாலை என் உவமையைக் கோடு போட்டு அடித்தாள். நான் அவளோடு பேசவில்லை.

மறுநாள் மழையில் கட்டுமரங்கள் கடலுக்குப் போகவில்லை. மீன்கார அம்மா மறுபடி வந்தது வெள்ளிக்கிழமை, கூடையில் கொஞ்சம் நெத்திலியோடு. இன்று வேண்டாம் என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள். அவள் ஒரு கை அள்ளி இலையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நாங்கதான் ஒண்ணும் வாங்கலியே," என்றேன்.

"அதுக்கின்னா இப்போ? வாங்கிக்கோ."

நான் நேர்மையாக வளர்க்கப்பட்ட பெண். இலையைக் கூடையிலேயே கவிழ்த்துவிட்டேன். அவள் பின்கட்டில் இருந்த அத்தையைப் பார்த்து, "உம் மருமவ உன்னாட்டமே கணக்கு பேசுதும்மா," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அத்தை ஓடி வந்து, நான் சொன்னதை மூன்று முறை சொல்லச் சொன்னாள். அன்று முழுவதும் எழுதினாள்.

சனிக்கிழமை ஐயரும் மிஷனைச் சேர்ந்த வெள்ளைக்கார மிஸியம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். இரண்டாம் தலைப்பில் அத்தை ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னாள். பேர் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா? ஒன்றும் வாங்காததால், சும்மா கொடுத்ததையும் வாங்க மறுத்த சிறுமி. கடைசி பெஞ்சில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் நேர்மையைத்தான் சபை அறியச் சொல்கிறாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கை தூக்க மறந்துபோனேன். இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

'தேறினார்' என்று நோட்டில் இருக்கிறது.

வீடு திரும்பும்போது, அந்த அம்மா மறுபடி சும்மா மீன் கொடுத்தால் அதே மாதிரி சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். வாங்கிக்கோ."

"நாம ஒண்ணும் வாங்கலேன்னா?"

"அப்பதான்," என்றாள் அத்தை.

தேறிவிட்ட தைரியத்தில் அத்தைக்கு ஒழுங்கு கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டே அவள் கையைப் பிடித்து நடந்தேன்.