ஜெசிமாவுக்கு ஒரு பை

துணிக்கடையில் தொப்பி கேட்டேன். பருத்தியில், உள்பக்கத் தையல் உறுத்தாத தொப்பி.

"பாப்பாவுக்கு எத்தன மாசம் மேடம்?" என்றாள் கவுண்டரில் நின்ற பெண்.

"பாப்பாவுக்கு இல்லம்மா. பெரியவங்களுக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் தலையைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினாள். சாம்பல், கறுப்பு, ரோஸ் என்று விதவிதமாகத் தொப்பிகள். எங்கள் திண்டுக்கல்லில் இதற்கென்றே ஒரு டப்பா இருக்கிறது... எனக்குத்தான் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது.

ரோஸ் எடுத்தேன். ஜெசிமாவுக்கு ரோஸ் பிடிக்கும்.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் 'என் தோழி ஒருத்தி' என்று நான் எழுதும்போதெல்லாம் வந்து போனவள் ஜெசிமாதான். இந்த முறை பெயரோடு வருகிறாள். "எழுதுறதுன்னா பேரப் போட்டு எழுதுடி. ஒருத்தி, ஒருத்தின்னு... நான் என்ன அனாதையா?" என்று அவளே சொல்லிவிட்டாள்.

பேகம்பூரில், வீட்டின் முன்னறையில் நைட்டியும் சுடிதார் துணியும் விற்கிறவள். ஒரு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனவள் நான். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. அவள் கணவர் அபுபக்கர் அண்ணன் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. 'இனிமே ஊர் ஊராச் சுத்துவோம்டி' என்று அவள் திட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

முதலில் வயிற்றின் வலது பக்கம் வலித்தது. கேஸ் என்றாள். ஓமத் தண்ணி குடித்தாள். மெடிக்கல் ஷாப்பில் ரோஸ் கலர் டானிக் கொடுத்தார்கள். உடம்பு இளைத்தது. கடைக்கு வந்த பெண்கள் எல்லாம், "என்னக்கா, டயட்டா? சூப்பரா ஆயிட்டீங்க" என்றார்கள். அவளுக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. பித்தப்பையில் புற்று. பக்கத்தில் கல்லீரலுக்கும் போயிருந்தது.

மதுரை டாக்டர், "ஆபரேஷன் பண்ண முடியாது. கீமோ கொடுத்துப் பார்க்கலாம்" என்றார். நாங்கள் 'கொடுத்து' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். 'பார்க்கலாம்' என்பது எங்கள் மூன்று பேர் காதிலும் விழவே இல்லை. நமக்கு வேண்டிய பாதியை மட்டும் கேட்கிற காதைத்தானே கடவுள் கொடுத்திருக்கிறார்?

சரி, நான் என்ன செய்ய முடியும்? டாக்டரா? இல்லை. சமையலா? அவளால் சாப்பிட முடியாது. பை ஒன்று தயார் செய்யலாம் என்று தோன்றியது. கீமோவுக்குப் போகிறவர்கள் கூடவே வைத்துக்கொள்ளும் பை.

இன்டர்நெட்டில் தேடினேன். வாசனை மெழுகுவர்த்தி, கலரிங் புக், நன்றி சொல்லும் டைரி என்று என்னென்னவோ வந்தது. நன்றியா? யாருக்கு? எதற்கு? மூடி வைத்துவிட்டேன்.

காந்திகிராமத்தில் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் கடந்து வந்தவர். போன் போட்டேன்.

"சின்னப் பிள்ளைக பிரஷ் வாங்குங்க கலா, வாய் புண்ணாயிரும். எவர்சில்வர் ஸ்பூன் வேணாம், எதத் தின்னாலும் இரும்பு மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் ஸ்பூனே வைங்க. வாசன இல்லாத சோப்பு. எலுமிச்ச மிட்டாய். ஏசி ரூம்ல கால் வெறச்சுப் போகும், சாக்ஸ் வைங்க." போனை வைக்கும் முன் சொன்னார்: "நான் நல்லாத்தான இருக்கேன்? அவுகளும் வந்துருவாக."

அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு முறை போன் செய்யலாம் போல இருந்தது.

எல்லாவற்றையும் வாங்கினேன். மெல்லிய சால்வை, உதட்டுக்குத் தடவ வாஸ்லின், வெந்நீர் பிளாஸ்க், குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய். வீட்டிலிருந்து பழைய துண்டு இரண்டு. நைட்டி மட்டும் வாங்கவில்லை. ஜெசிமாவுக்கு நைட்டி வாங்கிக் கொடுக்கிற தைரியம் இந்த ஊரில் எவருக்கும் கிடையாது!

அடுக்கி முடித்து ஜிப்பை இழுத்தபோது மனசுக்குள் ஒரு தெம்பு. என்னவோ நோயில் பாதியை நானே விரட்டிவிட்ட மாதிரி. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதவர்கள்தான் பை அடுக்குகிறோம் என்று நினைக்கிறேன். அது நோயாளிக்கு மருந்தோ இல்லையோ, நமக்கு மருந்து.

குறித்த நாளில் வாடகைக் காரில் மதுரைக்குக் கிளம்பினோம். அவள் கண் மஞ்சளாக இருந்தது. காலை வெயில் படுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் தலையில் துப்பட்டா சுற்றிய இளம்பெண் ஒருத்தி. ஒட்டன்சத்திரம் பக்கமாம். அவளே பேச்சுக் கொடுத்தாள்.

"ஏனுங்க்கா, மொதத் தடவைங்களா?"

"ஆமா தாயி. ரொம்ப வலிக்குமா?"

"வலியெல்லாம் இல்லீங்க. ரெண்டு நாளு வாந்தி வரும். அப்பறம் பழகிப் போயிருமுங்க."

ஜெசிமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டதும் என் கையைப் பிடித்தாள்.

"கலா, எனக்குப் பயமா இருக்குடி. இப்புடியே எந்திரிச்சு ஓடிப் போயிருவமா? வெளிய போனா பஸ்ஸு நிக்கும். ஏறிருவோம்."

"செத்த நேரம் சும்மா இரு. ஒரு ஊசி, அம்புட்டுதான்."

"உனக்கென்ன, போடப்போறது எனக்குல்ல?"

டாக்டர் கூப்பிட்டார். அபுபக்கர் அண்ணனும் நானும் எழுந்தோம். நர்ஸ், "பேஷன்ட் இங்கயே இருக்கட்டும்" என்றாள். "என் ஒடம்பு பத்தித்தான பேசப் போறீங்க? நானும் வாரேன்" என்று ஜெசிமா எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு ஜெசிமாவைப் பார்த்தார். நல்ல மனுஷி. சுற்றி வளைக்கவில்லை.

"காமாலை ரொம்ப ஏறியிருக்கும்மா. போன தடவை இப்படி இல்லை. இந்த நிலைமையில கீமோ கொடுத்தா உடம்பு தாங்காது. அந்த மருந்தே ஆபத்தாயிடும்."

"அப்ப எப்ப குடுப்பீங்க?" என்றார் அண்ணன்.

"தேங்குன பித்தத்தை ட்யூப் வெச்சு வடிக்கலாம்னா அதுக்கும் வழி இல்லை. காமாலை இறங்கினா யோசிக்கலாம். ஆனா... இறங்கும்னு எனக்குத் தோணலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம இருக்க மருந்து எழுதித் தர்றேன்."

அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சமாச்சும் ஏத்துங்கம்மா. பாதி மருந்து? கால்வாசி? எங்க மனசுக்காகவாவது..."

ஜெசிமா குறுக்கே விழுந்து பேசினாள். "நான் தாங்குவேன் டாக்டர். ரெண்டு பிள்ள பெத்தவ. வாந்தி வந்தா வரட்டும், முடி போனாப் போகட்டும். பயப்படவே மாட்டேன். ஏத்திப் பாருங்களேன்!"

சற்று முன்னால் பஸ் ஏறி ஓடிவிடலாமா என்று கேட்டவள். அவள்தான் அந்த ஊசிக்காக இப்போது கையை நீட்டிக்கொண்டு கெஞ்சினாள். எதைப் பார்த்து நடுங்கினோமோ, அதுவும் கிடையாது என்று ஆனபோதுதான் அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று தெரிந்தது.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்துச் சீட்டை அண்ணனிடம் கொடுத்தார்.

வெளியே, கார் அருகில் நின்றோம். பை என் தோளில் தொங்கியது. நான் மனசில் நினைத்ததை அண்ணன் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "இத அந்த ஒட்டன்சத்திரத்துப் பிள்ளைக்குக் குடுத்துட்டு வந்துருவமா தங்கச்சி?"

ஜெசிமா திரும்பினாள்.

"ஏன்? நான் மவுத்தாயிட்டேனா?"

என் தோளில் இருந்த பையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"எனக்கு வாங்குனதுதானடி? இங்க கொண்டா."

வாடிப்பட்டி தாண்டும் வரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சாக்ஸைத் தடவினாள். ஸ்பூனைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றாள். சொன்னேன். தொப்பியை எடுத்து, அடர்ந்த கொண்டைக்கு மேலேயே இழுத்து மாட்டிக்கொண்டாள். அது பாதி தலையில் நின்றது. டிரைவருக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள்.

"முடி தப்பிச்சிருச்சுடி" என்றாள்.

சிரிக்க முயன்றாள். டிரைவர் பாட்டை நிறுத்தினார். கொடைரோடு வரைக்கும் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். நைட்டி அடுக்கிய முன்னறையில்தான் கட்டில் போட்டிருக்கிறது. மகள்கள் வந்துவிட்டார்கள். மாத்திரைக்கு வலி கொஞ்சம் கேட்கிறது. நாளுக்கு நாள் தூக்கம் கூடுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் விருந்தாளிகள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருகிறார்கள். ஒருவர் விடாமல் சொல்வது ஒன்றுதான் – தைரியமா இருங்க.

அவர்கள் போனதும் என்னிடம் கேட்டாள்: "நான் எதுக்குடி தைரியமா இருக்கணும்? இனிமே என்ன பரீட்சையா எழுதப் போறேன்?"

நீங்களாவது சொல்லுங்கள்.

நான் கொல்லைப்புறம் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவி, துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தேன்.

"இந்தா, இனிமே அங்கன போயி அழாத. தண்ணி வேஸ்ட்டு" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "அழுவுறதுன்னா இங்க, என் பக்கத்துல உக்காந்து அழு. அம்புட்டுப் பேரும் வெளிய போயி அழுதுட்டு வந்து சிரிக்கிறீக. நான் ஒருத்தி மட்டும் தனியா அழுதுட்டுக் கெடக்கேன்."

கட்டிலில் ஏறி அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் ஒளிக்காமல், சத்தமாக அழுதோம். மகள்கள் ஓடி வந்து பார்த்தார்கள். அவர்களும் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. சரியாகப் போவதில்லை. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அழுது களைத்து அவள் தூங்கிப் போனாள்.

அவள் ஒரு வாய் சாப்பிட முடியாமல் கிடக்கும்போது எனக்குப் பசித்தது... அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.