எங்களுக்கு எதிராக நாங்கள் செய்த வேலைநிறுத்தம்

புலம்பெயர்ந்து வந்த ரெக்ஸ்டேலில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சோசலிச நாடு நடத்தினோம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சாப்பாட்டுக் கடை. மட்டன் றோல்ஸ், கொத்துரொட்டி, சனிக்கிழமையென்றால் ஒடியல் கூழ். ஆனால் முதலாளி கிடையாது. ஏழு பேரும் பங்காளிகள், ஏழு பேரும் தொழிலாளர்கள். வருடக்கணக்காக ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் கூடிப் புரட்சி பேசி, பேசிப் பேசியே எங்களுக்கு அலுத்துப்போன பிறகுதான் கடையைத் திறந்தோம்.

நாட்டுக்குத் தலைவர் ஓர் அண்ணை. ஊரில் ஆலைத் தொழிற்சங்கத்தில் இருந்தவர்; பதாகை பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். நான் செயலாளர். மார்க்கம், யூனியன்வில் பக்கம் ஓடர் கொண்டுபோகிற டிரைவரும் நான்தான். றோல்ஸ் சுற்றுவது ஓர் அன்ரி. அவரைப்போல் வேகமாக வேறு யாருக்கும் வராது. அதனால் வேறு யாரும் கை வைத்ததும் இல்லை.

சித்திரை வருஷப்பிறப்பு ஓடர்கள் குவிந்த நேரம், கூட்டத்தில் அன்ரி எழுந்தார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இப்படியே சுற்றினால் கை போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். சொந்தத் தலைமயிரையே முடிய முடியவில்லை. கணவர் முடிந்துவிடுகிறார், கொண்டை எப்போதும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். அன்ரி கேட்டது ஒன்றுதான்: தலைவர் உட்பட எல்லோரும் முறை வைத்து றோல்ஸ் சுற்ற வேண்டும்.

"வருஷப்பிறப்பு முடியட்டும் தங்கச்சி. இப்ப ஆளை மாத்தினால் உற்பத்தி படுத்திடும்" என்றார் அண்ணை.

"அப்ப நான் ஒரு சங்கம் துவங்கப்போறன்."

அண்ணைக்கு வந்ததே கோபம்! "ஆருக்கு எதிராச் சங்கம்? கடையே உங்கட தானே? தொழிலாளியின்ர ஆட்சியில சங்கத்தின்ர வேலை உற்பத்தியைக் கூட்டுறது. சண்டை பிடிக்கிறதில்லை."

"கடை என்ர எண்டால் சந்தோசம். கையும் என்ர தானே அண்ணை? கடைக்கு நீங்கள் தலைவர். கைக்கு ஆர் தலைவர்?"

நான் முதலில் கையை உயர்த்தினேன். மற்றவர்களும் உயர்த்தினார்கள். அண்ணையைத் தவிர ஆறு பேரும் சங்கம். மறுநாள் காலையே வேலைநிறுத்தம்.

சித்திரையிலும் பனி தூறுகிற ஊர் இது. றோல்ஸ் பெட்டி மூடிகளில் வாசகம் எழுதிக்கொண்டு கடை வாசலில் நின்றோம். "முதலாளி ஒழிக" என்று எழுதிய பிறகுதான் அது நாங்கள்தான் என்பது உறைத்தது, வெட்டினோம். ஒருவர் "ஒழிக!" என்று கத்த, மற்றவர்கள் "ஆர்?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கொத்து வாங்க வந்த அங்கிள் ஒருவர் காரை நிறுத்தினார்.

"கடை முதலாளி ஆர்?"

"நாங்கள்தான்."

"அப்ப ஆரோட சண்டை?"

"எங்களோடதான்."

அங்கிள் கார்க் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனார்.

பிறகு அண்ணை வந்தார், கையில் கடைத் திறப்புடன். தனியாளாக நின்றே எல்லா றோல்ஸையும் சுற்றிவிடுவது என்ற முடிவோடு வந்திருக்கிறார். எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"விடுங்கோ, உள்ள போகோணும்."

"ஆரும் பிடிக்கேல்லையே. போங்கோ" என்று அன்ரி விலகி வழிவிட்டார்.

போகவில்லை. கால் எழவில்லை மனிதருக்கு. ஒரு அடி முன்னால் வைப்பார், பின்னால் எடுப்பார். "என்ர சீவியத்தில நான் வேலைநிறுத்த வரிசையைத் தாண்டினதில்லை" என்றார் அழாக்குறையாக. பிறகு என் கையிலிருந்த பெட்டி மூடியைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் வரிசையில் சேர்ந்து நின்றார். தனக்கு எதிராகத்தான்! வயிறு நோகச் சிரித்தேன். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த அன்பு கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது உள்ளே ஒரு குருவியும் இல்லை. கடைத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பேச்சுவார்த்தைக்கு நிர்வாகத் தரப்பில் யார் என்று தேடினால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே செயலாளர். வாசல் குப்பைத் தொட்டிக்கு இந்தப் பக்கம் சங்கமாக நின்று கோரிக்கை வைத்தேன். அந்தப் பக்கம் போய், "நிர்வாகம் யோசிச்சுச் சொல்லும்" என்றேன். திரும்பி வந்து, அப்படிச் சொன்னதற்காக என்னை நானே ஏசினேன். அங்கே போனதும் குரல் தானாகவே கனத்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

கடைசியில் நிர்வாகம் விழுந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் முறை. டொக்டர் சொல்லும்வரை அன்ரி றோல்ஸ் பக்கமே வரக்கூடாது. ஓடர் தந்தவர்களுக்கு அண்ணையே போன் எடுத்து, கேட்டதில் பாதிதான் தரமுடியும் என்றார். அவர் சுற்றிய றோல்ஸ் எண்ணெய்க்குள் போனதும் வாயைப் பிளந்து இறைச்சியைக் கக்கின. அந்த வருஷப்பிறப்புக்கு மார்க்கம் முழுக்க என்னை ஏசியது. நான் பல்லைக் காட்டிக்கொண்டே பெட்டிகளை நீட்டினேன்.

கோடையில் அன்ரி தன் கையாலேயே கொண்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த வருடக் கூட்டத்தில் தலைவர் பதவிக்கு அவர் பெயரைச் சொன்னதே அண்ணைதான். ஒருவரும் மறுக்கவில்லை. கைதட்டி, விசிலடித்து, வடையும் சாப்பிட்டோம்.

"சங்கத்துக்கும் நீங்கள்தானே தலைவி. இனிக் கரைச்சலே இல்லை அன்ரி" என்றேன் நான்.

அன்ரி வடையைக் கீழே வைத்தார்.

"இல்லைப் பிள்ளை. சங்கத்துக்கு வேற ஆளைப் பாருங்கோ. நான் இனி நிர்வாகம். என்னை நம்பாதையுங்கோ."