நடந்து செல்லலாம்

அந்த விதித்தாளை ரைப் செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும், எழுதினவளே மாட்டிக்கொண்டாள் என்று பல்லிளிக்க வேண்டாம். மாட்டிக்கொண்டது உண்மை.

புங்குடுதீவில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோப் பிரதி எடுப்பேன், ரைப் செய்து கொடுப்பேன். கோயில் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்து ஆட்கள் வந்து ஊர் நிறைந்துவிடும். இரண்டு வருடங்களுக்கு முன்பு அப்படி வந்தவர்கள் ஒரு பை நிறையக் கையுறைகளும் பெரிய மஞ்சள் பந்துகளும் கொண்டுவந்தார்கள். தங்களுக்கும் ஊராருக்கும் சொவ்ற்போல் போட்டி என்று அறிவித்தார்கள். இதில் பந்து வேகமாக வராது. கையைக் கீழே இறக்கி மேலே தூக்கிப் போடுவார்கள், அது மெதுவாக வளைந்து வந்து இறங்கும். அதை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். ஆண் ஒருவர் அடித்தால் அடுத்தது பெண் ஒருவர் அடிக்க வேண்டும்.

ஊர் அணிக்குப் பெண்கள் போதவில்லை. "நீர் சும்மா பேருக்கு நில்லும், மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றார் அணித்தலைவர். அணித்தலைவர் எனக்குத் தாலி கட்டின மனிசன்தான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பேருக்கு நிற்பதற்கு நான் என்ன மதில் தூணா? காலுறைக்குள் பந்தைப் போட்டு வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு கிழமை, கடை பூட்டியதும் பின்வளவுக்குப் போய் அதை அடித்து அடித்துப் பழகினேன்.

விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று, நன்றாக அடிக்கிறவருக்குப் பந்து போட விருப்பமில்லாவிட்டால், போடுகிறவர் நடுவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது. அந்த ஆள் அடிக்காமலே சும்மா நடந்து போய் முதலாம் மூலையில் நிற்கலாம். அதற்கு நாங்கள் நடை என்று பெயர் வைத்தோம். ஆனால் ஆண்களுக்கெல்லாம் நடை கொடுத்துவிட்டுப் பெண்களைப் பார்த்து அவுட் ஆக்குகிற தந்திரம் ஒன்று இருக்கிறதே, அதை மடக்க இன்னொரு விதியும் இருந்தது. கடைசி ஆளும் அவுட் ஆனால் எல்லாம் முடியும் என்ற நிலையில் ஓர் ஆணுக்கு நடை கொடுத்தால் அவருக்கு இரண்டு மூலை. அடுத்து வரும் பெண் "முதலாம் மூலைக்கு நடந்து செல்லலாம்" என்று எழுதினேன். "விரும்பினால்" என்று போடவில்லை. "லாம்" என்று முடிந்தாலே அது விருப்பம்தானே என்று நினைத்தேன்.

நடுவராக நின்றவர் பட்டினத்தில் ஒரு கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். எனக்கு இருபது வயதில் அவரைத் தெரியும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த புதிதில், குடியிருப்பை உறுதிப்படுத்தும் ஒரு கடிதத்துக்காக மூன்று தரம் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன். மூன்று தரமும் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். என் முகத்தைப் பார்க்காமலே "நீங்கள் போகலாம்" என்றார். நானும் போனேன். நான்காம் தரம் அப்பா போனார், பத்து நிமிடத்தில் கடிதத்தோடு வந்தார். வாய் திறக்காமல் மூன்று தரம் திரும்பி நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு எரியும்.

போட்டியில் எங்களுடைய கடைசி முறை. ஒரு ஓட்டம் பின்னுக்கு நின்றோம், இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆளும் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. அடிக்க வந்தவர் கடற்தொழில் செய்கிற அண்ணை. அன்று அவர் அடித்த பந்துகளைப் பனங்கூடலுக்குள்தான் தேட வேண்டியிருந்தது. பந்து போட்ட கனடாக்காரத் தம்பி அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற என்னையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே, "இவருக்கு நடை" என்றார். அண்ணை வாய்க்குள் ஏதோ ஏசிக்கொண்டு இரண்டாம் மூலைக்குப் போனார்.

நான் மட்டையோடு முன்னே போனேன். நடுவர் முதலாம் மூலைப் பக்கம் கையை நீட்டினார்.

"நீர் போகலாம்."

"நான் அடிக்கப் போறன், ஐயா."

"ஏலாது. நடந்து செல்லலாம் எண்டு விதியில கிடக்கு."

"செல்லலாம் எண்டால் செல்லாமலும் விடலாம்."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "அப்பிடி எங்க கிடக்கு?"

"அதை எழுதினது நான், ஐயா. நான் என்ன எழுதினனான் எண்டு எனக்குத் தெரியாதோ?"

"எழுதினது நீர். விளக்கம் சொல்லுறது நடுவர். போகாட்டி அவுட் தருவன்."

என்னுடைய மனிசன் ஓடி வந்தார். "இஞ்சாரும், ஏன் அடம்பிடிக்கிறீர்? நடவும். பின்னால நல்லா அடிக்கிற பெடியன் நிக்கிறான்."

அவர் சொன்னதில் பிழையில்லை. நடந்து போயிருந்தால் வெல்லுகிற வாய்ப்புக் கூடத்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நீட்டிய கையையும் அந்த "போகலாம்" என்ற சொல்லையும் பார்த்த பிறகு கால் அசைய மறுத்துவிட்டது. இருபது வயதில் போனது போதும்.

"நான் போகேல்ல" என்றேன். மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.

நடுவர் வேறு வழியில்லாமல் பந்து போடுகிற தம்பியைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"அவ விரும்பினா அடிக்கலாம், அங்கிள். அடிக்கட்டும், அடிக்கட்டும்" என்றார் தம்பி.

என் பக்கம் பேசிய ஒரே ஆள், என்னைச் சுலபமாக அவுட் ஆக்கலாம் என்று நினைத்தவர்தான். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பந்தைச் சோழகக் காற்று வெளியே தள்ளியது, விட்டுவிட்டேன். இரண்டாவது பந்து வேப்பங்கிளைப் பந்து போல நெஞ்சுக்கு நேரே இறங்கியது. அடித்தேன். தம்பி எதிர்பார்க்கவில்லை. பந்து அவருடைய கையுறையில் பட்டுத் தெறித்து உருண்டது. மகளின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடினேன். அவர் பாய்ந்து பந்தைப் பொறுக்கி, முதலாம் மூலையில் நின்றவரிடம் எறிந்தார்.

"அவுட்!" என்றார் நடுவர்.

அவுட்தான். பந்துக்கு ஓர் அடி பிந்திவிட்டேன். அதில் நான் சண்டை பிடிக்கவில்லை.

மனிசன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் நடந்திருந்தால் வென்றிருக்கலாம் என்று தேத்தண்ணிக் கடையில் கதைத்தார்களாம். வென்றிருக்கலாம். வெல்லாமலும் விட்டிருக்கலாம். நான் ஓடி அவுட் ஆனேன், யாரும் என்னை நடத்தி அனுப்பவில்லை. அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்கு முன்பு அந்த நடுவர் என் கடைக்கு வந்தார். கையில் நான்காக மடித்த அதே தாள்.

"பிள்ளை, இந்த வரியைக் கொஞ்சம் விளக்கமா அடிச்சுத் தாரும். எல்லாரும் சண்டைக்கு வருகினம்."

"எல்லாரும் எண்டால் ஆர், ஐயா?"

அவர் தாளை விரித்து அந்த வரியில் விரலை வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினேன். "விரும்பினால் நடந்து செல்லலாம், விரும்பினால் நின்று அடிக்கலாம். முடிவு அந்தப் பெண்ணுடையது" என்று அடித்துக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

வெளியே உச்சி வெயில். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மின்விசிறி அவருடைய தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீங்கள் போகலாம், ஐயா" என்றேன்.

உடனே எழும்பிப் போய்விட்டார். அவருக்கு இன்னும் "லாம்" விளங்கவில்லை.