வெயிலுக்கு முதுகு காட்டிய மரத்தளம்

குன்னூரில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வெயில் வருமா?" என்றுதான். தண்ணீர், பாதை, பக்கத்து வீட்டுக்காரர் குணம் எல்லாம் அதற்குப் பிறகு. மத்தியான வெயில் விழுகிற ஒரு சுவர் இருந்துவிட்டால் அந்த வீட்டுக்குத் தனி மவுசு. துணி காயும், மிளகாய் காயும், மனிதர்களும் வரிசையாக நின்று காய்வார்கள். என் கணவர் அப்படிக் காய்ந்தே வளர்ந்தவர். தச்சு வேலை அவருக்குத் தொழில். பங்களாக்களுக்கும் விடுதிகளுக்கும் வீட்டை ஒட்டி வெளியே கால் நட்டு, அதன் மேல் பலகை பரப்பி, நாற்காலி போட்டு உட்காரத் தளம் கட்டிக் கொடுப்பார். டெக் என்பார்கள். அவர் கட்டிய டெக் ஒவ்வொன்றும் சூரியன் எங்கே எங்கே என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு வீசிங். கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தேன். பனிமூட்டம் இறங்கினால் என் நெஞ்சும் இறுகிவிடும். மழைக்காலம் முழுக்க ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் இன்ஹேலர். போன மழைக்கு ரொம்ப மோசமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஈரமில்லாத ஊரில் கொஞ்சநாள் இருந்து பாருங்கள் என்றார் டாக்டர். மசினகுடிப் பக்கம் கணவரின் சித்தப்பா விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். கீழே போனால் முள்காடும் செம்மண்ணும் காய்ந்த காற்றும். அதே நீலகிரி மாவட்டம்தான், ஆனால் மேலே பெய்கிற மழையில் பாதிகூட இங்கே எட்டிப் பார்க்காது.

வந்த முதல் வாரமே படுத்தால் மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. அதைப் பெரிய சொத்து கிடைத்த மாதிரி படுத்துக்கொண்டே அனுபவித்தேன். அவருக்கோ ஒன்றும் பிடிக்கவில்லை. தேயிலை இல்லை, பச்சை இல்லை, பழகிய முகம் இல்லை.

"ஒரு வருசம் பாக்கலாம்" என்றார். "எனக்கு வெளிய உக்காந்து டீ குடிக்க ஒரு எடம் வேணும். அது இல்லாத ஊட்டுல என்னால இருக்க முடியாது புள்ள."

அவர் திரும்பிப் போகிறேன் என்றால் நானும் கூடப் போய்விடுவேன். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் அந்த உட்காருமிடம் எனக்கு என் நுரையீரல் மாதிரி. சீக்கிரம் கட்டுங்கள் என்று தினமும் நச்சரித்தேன்.

குன்னூரிலிருந்து சில்வர் ஓக் பலகைகளை வண்டியில் ஏற்றி வந்தார். மழையில் வெட்டி அறுத்த மரம், ஈரம் போகவில்லை. மலையில் எல்லாரும் செய்கிற மாதிரி வீட்டின் தென்மேற்கு மூலையைத் தேர்ந்தெடுத்தார். நாள் முழுக்க வெயில் கிடைக்கும், மேலே நம் மலையும் தெரியும் என்றார். கூரை வேண்டாம், வெயிலை மறைக்கும். பலகைகளை இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று நெருக்கி ஆணி அடித்தார். மரம் உளுத்துப்போகாமல் இருக்க, ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய பழைய இன்ஜின் ஆயிலைக் கறுகறுவென்று பூசினார். நான் தலையாட்டிக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் மலைக்காரர்கள். வெயில் கொட்டுகிற இடத்தைக் கண்டால் அங்கே பாய் விரிக்கத்தான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த வீட்டு அம்மா ஆடு வளர்க்கிறவர். வேலியில்லாத எங்கள் வாசல் வழியாக ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது நின்று பார்த்தார்.

"ஏனுங்க, அங்கயா உக்காரப் போறீங்க?"

"ஆமாங்க. நல்லா வெயில் வருமுங்க" என்றார் இவர் பெருமையாக.

"வருமுங்க, வருமுங்க" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

மார்கழியிலும் தையிலும் அந்தத் தளம் சொர்க்கம். இரண்டு பேரும் மத்தியானச் சோற்றைக்கூட அங்கேயே வைத்துச் சாப்பிட்டோம். அந்தம்மா எதற்குச் சிரித்தார் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மாசி பிறந்ததும் தெரிந்தது. ஒருநாள் செருப்பில்லாமல் வெளியே கால் வைத்தவர், வைத்த வேகத்தில் உள்ளே துள்ளி வந்தார். கறுப்புப் பலகை தோசைக்கல்லாகியிருந்தது. வெயிலில் இளகின இன்ஜின் ஆயில் என் நல்ல சேலையில் பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அது போகவில்லை. ஈரமாக இருந்த பலகைகள் காய்ந்து, சுருங்கி, ஓரம் தூக்கிக்கொண்டன. ஆணிகள் தலை நீட்டின. அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தால் பாதி விதை இடுக்கு வழியாகக் கீழே போனது. தளத்தின் காலொன்றில் கரையான் மண்வீடு கட்டி ஏறியிருந்தது.

அவர் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை.

"இந்த ஊரு நமக்கு ஒத்து வராது புள்ள. ஒரு வருசங்கூட வேண்டாம். பங்குனியோட போயிரலாம்" என்றார்.

இங்கேயே இருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயுசு முழுக்கத் தொழிலில் பேர் வாங்கின மனிதர், தன் வீட்டுக்கே ஒரு டெக் சரியாகக் கட்ட முடியவில்லையே என்று குமைந்துகொண்டிருந்தார். அவரிடம் போய் என் மூச்சைப் பற்றி எப்படிப் பேசுவது? பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதேன்.

அங்கே அடுத்த வீட்டு ஆடுகள் படுத்திருந்தன. விரட்டக் கையை ஓங்கினேன். அப்புறம்தான் யோசனை வந்தது. ஊரே வேகிற நேரத்தில் இதுகள் மட்டும் எப்படி இவ்வளவு சுகமாக அசைபோடுகின்றன? அது வீட்டின் வடகிழக்கு மூலை. கூரையின் நிழல் அங்கே நீளமாக விழுந்திருந்தது. மூலையில் ஒரு புங்க மரம். வீட்டைச் சுற்றிக்கொண்டு வருகிற காற்று அந்த இடத்தில் சில்லென்று பட்டது. மறுநாளும் பார்த்தேன். அதே நேரம், அதே இடம். காலையில் போய்ப் பார்த்தால் அங்கே இளவெயில்கூட இருந்தது, உச்சிக்கு ஏறுவதற்குள் நகர்ந்துவிட்டது.

ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டு, மூன்று மணி டீயையும் அங்கேயே வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து குடித்தார். பாதி டம்ளரில் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு தரையைக் காலால் அளந்தார்.

"ஆட்டுக்கு இருக்கற அறிவு எனக்கு இல்லாமப் போச்சு."

"ஆடு குன்னூர்ல பொறக்கலீங்களே" என்றேன்.

சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

விடிந்ததும் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்வார். பழைய தளத்தைப் பிரித்தார். வேண்டிய மட்டும் காய்ந்து, முறுக்கிக்கொள்ளவேண்டியதெல்லாம் முறுக்கிக்கொண்டுவிட்ட பலகைகளில் நல்லதைப் பொறுக்கினார். கறுப்பையெல்லாம் இழைத்து எடுத்து, லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவினார். புங்க மரத்து மூலையில், மரக்கால்களை மண்ணில் நடாமல் கருங்கல் துண்டுகளின் மேல் நிறுத்தினார், கரையான் ஏறினால் கண்ணில் படும் என்று. பலகைக்குப் பலகை ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி விட்டு, ஆணிக்குப் பதில் ஸ்குரூ முடுக்கினார். மேலே வைக்கோல் வேயலாமா என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கோடையில் காடே பற்றிக்கொள்கிற ஊரில் வைக்கோலா! பழைய மங்களூர் ஓடு போட்டார். அகலமான இறவாரம், தலை இடிக்காத உயரம். அவர் வாழ்க்கையில் கட்டியதிலேயே வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற டெக் அது ஒன்றுதான்.

சித்திரையில் ஊரெல்லாம் பொரிந்தபோது நாங்கள் வெறுங்காலோடு அதில் உட்கார்ந்திருந்தோம். காலை டீயை அவர் வெயிலிலும் மாலை டீயை நிழலிலும் குடித்தார். இடத்தைப் பறிகொடுத்த ஆடுகளுக்கு இது பிடிக்கவில்லை. நாங்கள் எழுந்து உள்ளே போனால் போதும், ஏறிப் படுத்துக்கொள்ளும். புழுக்கையைக் கூட்டித் தள்ளுவது என் வேலையாகிவிட்டது. இடைவெளி விட்டதில் அது ஒரு வசதி, பாதி தானே கீழே விழுந்துவிடும்.

பங்குனி எப்போதோ கழிந்திருந்தது. போவதைப் பற்றி அவர் பேசவில்லை. இருப்பதைப் பற்றியும் பேசவில்லை. கேட்டால் என்ன சொல்வாரோ என்று நானும் கேட்கவில்லை. பேச்சில்லாத அந்த நாட்களில் சந்தோஷமாகவும் இருந்தேன், உள்ளுக்குள் பயந்துகொண்டும் இருந்தேன்.

முதல் கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அடுத்த வீட்டு அம்மா ஆடு தேடி வந்தார். பெரிய கிடா டெக்கின் நடுவில், என் கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"ஒரு வேலி போட்டுக்குங்க. எத்தன நாளைக்குத்தான் வெரட்டுவீங்க?" என்றார். "கம்பி வேலி இழுத்து உடுங்க. நீங்க மேல போறப்ப சுருட்டிக் கட்டி எடுத்துட்டுப் போயிரலாம்."

மேலே போகும்போது. அந்தம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கையிலிருந்த விளக்குமாறு அப்படியே நின்றுவிட்டது. கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோசன பண்றேனுங்க" என்றார்.

அன்று முழுக்க அவர் என்ன யோசிக்கிறார் என்றே நான் யோசித்தேன். மறுநாள் காலை எங்கோ போனவர், தோளில் ஒரு கட்டோடு வந்தார். கம்பிச் சுருள் இல்லை. கைப்பருமனில், ஆளுயரத்தில் வெட்டிய குச்சிகள். கிளுவை. வெட்டி நட்டால் தழைக்கிற மரம், இந்தக் காய்ந்த மண்ணில் தண்ணீர் கேட்காமல் பிழைக்கும். இந்தப் பக்கம் தோட்டத்து வேலி பாதிக்கும் மேல் அதுதான். யானைக்கு எந்த வேலியும் வேலியில்லை, ஆட்டுக்கும் மானுக்கும் அது போதும்.

கட்டை இறக்கிவிட்டுக் கடப்பாறையை எடுத்து வாசல் எல்லையோரம் குழி போட ஆரம்பித்தார். நான் ஒரு குச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க, இது நெருங்கி வேலியாக எத்தன நாளாகும்?"

"நாளா? மூணு நாலு வருசமாவது ஆகும். அதுவரைக்கும் முள்ளு வெட்டி அணைச்சுக்கலாம்."

"ஒரு வருசம் பாக்கலாம்னு சொன்னீங்க?"

கடப்பாறையை நிறுத்தி என்னைப் பார்த்தார். என் கண் கலங்கியிருந்ததை அவர் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றேன்.

"ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உன் நெஞ்சுல காது வெச்சுப் பாக்கறேன். ஒரு சத்தமும் இல்ல" என்றார். "இத உட்டுட்டு மேல போயி நான் என்ன பண்ண? குச்சிய நேரா புடி."

நேராகப் பிடித்தேன்.