தனசேகர் அண்ணன் அழுத்தாத விரல்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது தனசேகர் அண்ணன் வீட்டு அண்ணியின் போன் வந்தது. பஸ்களின் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. "சத்தமா சொல்லுங்க அண்ணி, கேக்கல" என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாம் முறை, "அவரு போயிட்டாரு தம்பி! நெஞ்சு வலி வந்து போயிட்டாரு!" என்று கத்தினார். புருஷன் செத்த சேதியை ஒரு பெண்ணை இப்படிக் கத்திச் சொல்ல வைத்த பாவி நான்.

பரங்கிப்பேட்டை தனசேகர் அண்ணனைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பீரங்கி யூனிட்டில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். ஊசி போடும்போதுகூட ஊர்க்கதை பேசுவார். "நம்ம ஊரு பசங்க ஒருத்தனும் பின்தங்கக் கூடாதுடா" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். அதில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது.

ஒரு பீரங்கி சுடும் பயிற்சியில் என் வலது காது போனது. கேட்பது நின்று, ஓயாத ஒரு இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அந்த வருட மருத்துவச் சோதனையில் தெரிந்துவிட்டால் ஹவில்தார் பதவி உயர்வு கைவிட்டுப் போகும். அண்ணனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். காதுச் சோதனையில் டாக்டர் நமக்குப் பின்னால் தள்ளி நின்று கிசுகிசுப்பார். சோதிக்காத காதை உதவியாளர் விரலால் அடைத்துப் பிடிக்க வேண்டும். என் வலது காதின் முறை வந்தபோது, அண்ணன் இடது காதின் மேல் விரலைச் சும்மா வைத்தார், அழுத்தவே இல்லை. டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இடது காதால் கேட்டுத் திருப்பிச் சொன்னேன். குறை ஏதுமில்லை என்று எழுதிவிட்டார்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் அதே விரல்தான். அண்ணன் மாற்றலாகிப் போன பிறகு அவர் இடத்துக்கு வந்தவரும் எனக்கு அதே உதவியைச் செய்தார். சொல்லிவிட்டுப் போனது அண்ணன்தான்.

அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு, முருகேசன் விஷயமாகக் கடலூருக்குப் போனோம். பனிச்சரிவில் முட்டி உடைந்தவன் முருகேசன். அவனையும் சோதனைகளில் முட்டியை மறைத்து அண்ணன்தான் தேற்றிவிட்டிருந்தார். பழைய சோதனைகளோடு ஒத்துப்போகட்டும் என்று, பணியை விட்டு வரும்போது நடத்தும் மருத்துவ போர்டிலும் அவன் 'எந்தக் குறையும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டான். இப்போது பஸ் படியில் காலை வைக்க முடியவில்லை. ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டு எழுதியதற்கு, அந்தக் கையெழுத்தையே காட்டி மறுத்து வந்த பதிலை, முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் ஒருவர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். வெளியே வந்ததும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் கையெழுத்த நான்தான்டா போட வச்சேன்." முருகேசன், "விடுண்ணே, நீ நல்லதுக்குத்தான பண்ணுன" என்றான். திட்டியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு அவருக்குப் போன் பேசுவதே வேலையாகிவிட்டது. தான் தேற்றிவிட்ட ஒவ்வொருவனையும் தேடிப் பிடித்து ஒரே பாட்டு: "யூனிஃபார்மக் கழட்டறதுக்கு முன்னாடி சொல்லிடுடா. கழட்டிட்டா நீ யாரோ, அவுங்க யாரோ." நாம் என்ன செய்தோம்? 'ரெக்கார்டு போட்டுட்டாரு' என்று கிண்டல் அடித்தோம். நான் காது கேட்கவில்லை என்று சொல்லியே போனை வைத்திருக்கிறேன்.

போன லீவில், காட்டுமன்னார்கோயிலில் என் வீட்டுக்கே டவுன் பஸ் ஏறி வந்துவிட்டார். எனக்குப் பணி முடிய அப்போது சில மாதங்களே இருந்தன.

"போர்டுல சொன்னா, இத்தன வருஷம் எப்படி பாஸ் பண்ணுனன்னு கேப்பாங்க. உங்க பேரு வரும் அண்ணே."

"வரட்டும். நான்தான் வெரல அழுத்தலன்னு எழுதித் தரேன். பேப்பர் கொண்டா."

"அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்று சொல்லி, காபி கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டில் பிள்ளைகளின் நோட்டுகள் எத்தனையோ கிடந்தன. ஒரு தாளைக் கிழித்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

இதுதான் அந்த அடுத்த லீவு. போர்டு அடுத்த மாதம். உண்மையைச் சொன்னால் இத்தனை வருடம் ஏமாற்றியவன் ஆகிறேன். சொல்லாவிட்டால் முருகேசன் கதிதான். வெளியே வந்து ஒரு வாட்ச்மேன் வேலைக்குப் போனாலும், வலது பக்கம் வரும் வண்டி எனக்குக் கேட்காது. எழுதித் தருகிறேன் என்றவரும் இல்லை. என்ன செய்வதென்றே தெரியாமல்தான் கருமாதியன்று அண்ணியிடம் போய்க் கேட்டேன், அவர் பெயரைச் சொல்லலாமா என்று.

அண்ணி சொன்னார்: "எனக்கு வர்ற பென்ஷன நிறுத்திடுவாங்களோன்னு பயமாத்தான் இருக்கு தம்பி. ஆனா கடைசி வரைக்கும் ஒங்க காதப் பத்தித்தான் பொலம்பினாரு. சொல்லிடுங்க."

அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, போனில் அவர் கெஞ்சிய அந்தக் கெஞ்சலை மட்டும்தான். அன்றைக்கு அவர் எழுத முடியாமல் போனதை இன்று நான் எழுதியிருக்கிறேன். இந்தத் தாள்களையே போர்டின் முன் வைக்கப் போகிறேன். நம்புவார்களா என்று தெரியவில்லை. அவர் விரலால் தேறியவர்கள் உங்களில் இன்னும் யூனிஃபார்மில் இருப்பீர்கள், காதோ முட்டியோ முதுகோ. நான் ஒருவன் மட்டும் சொன்னால், செத்தவர் மேல் பழி போடுகிறான் என்பார்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாராவது ஒருவராவது என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்.