பூட்டு இருந்தது, சுவர் இல்லை

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டு வாசலில் நானே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள். சிங்கப்பூரில், ஈசூனில் நாலாவது மாடியில் இருக்கிற என் வீட்டுக் கதவுக்கு மூத்தவன் புதுப் பூட்டு போட்டிருக்கிறான். சாவி கிடையாது, ஆறு எண்களைத் தட்ட வேண்டும். மூன்று முறை தப்பாகத் தட்டினால் அது கோபித்துக்கொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தும். அப்படித்தான் கத்தியது. கையில் கீரைக்கட்டு, முட்டை, ஒரு தேங்காய். எண் மட்டும் மண்டையில் இல்லை. மகனுக்குப் போன் போட்டேன்.

"மீட்டிங்ல இருக்கேம்மா, எல்லார் முன்னாடியும் நம்பரைச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்ல சொல்லிட்டு உட்காருங்க லா, வந்துடறேன்" என்றான்.

பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன், தெரியாது. ஒரு சின்னப் பெண் வேலைக்குப் போகிறது, வருகிறது, காதில் எதையோ மாட்டிக்கொண்டு. அதன் கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. மாடிப்படியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டேன். எண்பதைத் தாண்டியவளுக்கு மானம் மட்டும் குறையவில்லை பாருங்கள்.

பூட்டு என்றால் எனக்கு முதலில் வருவது எண்ணெயும் பித்தளையும் கலந்த வாசனை. நான் பிறந்து வளர்ந்தது சிராங்கூன் ரோட்டில், ஒரு மளிகைக் கடையின் மாடியில். ஒரே மாடியில் ஏழு குடும்பம், நடுவே பலகைத் தடுப்பு. கீழே மசாலா வாசனை, பின்பக்கம் மாட்டுத் தொழுவ வாசனை, மேலே ஏழு அடுப்பின் புகை. அங்கே எல்லாவற்றுக்கும் பூட்டு. அரிசி டின்னுக்குப் பூட்டு, மண்ணெண்ணெய் டின்னுக்குப் பூட்டு. எதிர்த்தடுப்பு அம்மாள் ஊறுகாய் ஜாடிக்குக் கூடப் பூட்டுப் போடுவார். என் அம்மா இடுப்பில் கொத்துச் சாவியோடு நடந்தால் கோயில் யானை வருகிற மாதிரி சத்தம் கேட்கும். ஆகவே எனக்குக் கல்யாணம் ஆனதும் அம்மா கொடுத்த சீரில் குத்துவிளக்கு இருந்ததோ இல்லையோ, ஒரு திண்டுக்கல் பூட்டு இருந்தது. உள்ளங்கை அகலம். எடுத்து எறிந்தால் ஆள் காலி.

என் வீட்டுக்காரருக்குத் தூர்வாரும் கப்பலில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். சிராங்கூன் ரோட்டில் தனி அறை கிடைக்கவில்லை. கப்பலில் கூட வேலை பார்த்த ஒரு ஜாவாக்காரர், "எங்க கம்பத்துல ஒரு வீடு சும்மா கெடக்கு, வா" என்றார். அப்படித்தான் ஐம்பதுகளின் நடுவில் கிராஞ்சிப் பக்கம் அந்தக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, போய்ச் சேர்ந்தேன். முப்பது வீடு. மரவள்ளி, வாழை, காய்கறித் தோட்டம், ஓரத்தில் ரப்பர்க் காடு. எங்களுடையது தவிர எல்லாவற்றிலும் ஜாவாக்காரர்கள். நான் ஒருத்திதான் தமிழ்.

தனிமை என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஏழு குடும்பச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள், தவளைச் சத்தத்தில் விழித்துக் கிடந்தேன். பேச ஆளில்லாமல் பானையோடு பேசினேன். கோழியைத் திட்டுவேன், பிறகு அதனிடம் மன்னிப்புக் கேட்பேன். எனக்கு வயது பத்தொன்பது.

பக்கத்து வீட்டுக்காரி சுமினி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கணவன் இறந்துபோனவள், காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்பவள். நான் சுமினிக்கா என்று கூப்பிடுவேன். எனக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய், அவளுக்குத் தெரிந்தது ஜாவாவும் கொஞ்சம் மலாயும். நாங்கள் பேசியதைத் தமிழிலேயே சொல்கிறேன், அதற்கே புண்ணியம். முதல் வாரம் அவள் இலையில் பொதிந்த தெம்பே, புளிக்கவைத்த சோயாக்கட்டி, கொண்டுவந்தாள். பூஞ்சைபிடித்த மொச்சை என்று நினைத்து, அவள் தலை மறைந்ததும் கோழிக்குப் போட்டேன். மறுநாள் வந்து, "எப்படி இருந்துச்சு?" என்றாள். "ருசியா இருந்துச்சு" என்றேன். அன்றிலிருந்து வாரா வாரம் தெம்பே. கோழி கொழுத்தது.

அவள் வருவதே ஒரு அழகு. முன்வாசல் பக்கமே வரமாட்டாள். சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்து, பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்ப்பாள். முதலில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கதவுச் சத்தத்துக்காகவே காத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்பத்தில் ஒரு வீட்டுக்கும் பூட்டு இல்லை. வெளியே போகிறவர் பக்கத்து வீட்டைப் பார்த்து "நித்திப்" என்று ஒரு வார்த்தை சொல்வார். 'வீட்டை உன்னிடம் விட்டுப் போகிறேன்' என்று அர்த்தம். கேட்டவர் "யோ" என்பார். அவ்வளவுதான். அப்புறம் அந்த வீட்டில் மழை ஒழுகினாலும், கோழி வழிதவறினாலும், கேட்டவர் பொறுப்பு. திரும்பி வந்தவர் "வந்துட்டேன்" என்று சொல்லி வீட்டை வாங்கிக்கொள்ளும்வரை அவர் வேறு எங்கும் நகரமாட்டார். சுமினியும் சந்தைக்குப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். அவள் வீட்டில் என்ன இருந்தது? ஒரு பாய், ஒரு அரிசிப்பானை, நாலு கோழி. இருந்தாலும் அவள் "நித்திப்" என்று சொல்கிற நாளில் எனக்கு முதுகு நிமிரும்.

நான் மட்டும் சந்தைக்குப் போனாலும் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டுத்தான் போவேன். அம்மா வளர்ப்பு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடும். "நல்ல கனம்" என்றாள் சுமினி ஒருநாள். அதற்குள் என்ன அர்த்தம் இருந்தது என்று யோசிக்க எனக்குப் புத்தி போதவில்லை.

நான் தனியாக இருக்கிறேனே என்று அவள் தன் பெட்டை ஆட்டை என்னிடம் பங்குக்கு வளர்க்க விட்டாள். முதல் குட்டி எனக்கு, இரண்டாவது அவளுக்கு. இது இரவல் பொருள் ஆயிற்றே, காணாமல் போனால் என் மானம் போகுமே என்று, வெளியே போகும்போது ஆட்டையும் சமையல்கட்டுக்குள் விட்டுப் பூட்டினேன்.

அந்த வருஷ மழைக்காலம். நான் ஆறு மாதக் கர்ப்பம். கிளினிக்குக்குப் போகிற நாள். வானம் கறுத்திருந்தது, ஆனாலும் கிளம்பினேன். ஆட்டை உள்ளே விட்டேன், சமையல்கட்டுக் கதவுக்கு உள்தாழ் போட்டேன், முன்கதவைப் பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகினேன். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் பாதியில் நின்றுவிட்டது. மீதி தூரம் முழங்கால் தண்ணீரில் நடந்து நாலு மணிக்குக் கம்பத்துக்கு வந்தால், ஒரு ஈ காக்கை இல்லை. ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டிருந்தது.

என் வீட்டைப் பார்த்தேன். முன்கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. பக்கச் சுவர் இல்லை. மூங்கில் தட்டி மொத்தமாகக் கழற்றி எடுக்கப்பட்டிருந்தது. உள்ளே ஆடு இல்லை. கட்டிலுக்கடியில் எட்டுப் பவுன் நகையும் கல்யாணப் புடவையும் வைத்திருந்த தகரப்பெட்டி இல்லை.

அட கடவுளே, அந்த நிமிஷம் எனக்குள்ளே சிராங்கூன் ரோடு மாடி முழுவதும் விழித்துக்கொண்டது. ஊரே கூடித் திருடிவிட்டது என்று நினைத்தேன். சாமி சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சந்து முனையில் ஒரு கெந்தோங்கான் தொங்கும், குடைந்த மரக்கட்டை. நிதானமாக ஒவ்வொன்றாக அடித்தால் சாவு. நிறுத்தாமல் அடித்தால் தீ. இரண்டிரண்டாக அடித்தால் திருட்டு. நான் போய்க் கோலை எடுத்து இரண்டிரண்டாக அடித்தேன். கை மரத்துப்போகிறவரை அடித்தேன்.

ரப்பர்க் காட்டு மேட்டிலிருந்து வந்தார்கள். ஆண்கள் கையில் கம்போடு, அரிவாளோடு, இடுப்பளவு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. பெண்கள் பின்னால். எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டு, "எவன்? எந்தப் பக்கம் ஓடினான்?" என்று என்னைக் கேட்டார்கள். கடைசியில் சுமினி வந்தாள். அவள் தலையில் என் தகரப்பெட்டி. மேட்டில் எல்லா இடமும் ஈரம் என்று, கீழே வைக்க மனம் வராமல் மத்தியானத்திலிருந்து தலையிலேயே வைத்திருந்தாளாம். அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை என் ஆட்டைத் தோளில் சுமந்துகொண்டு நின்றது.

கம்புகள் இறங்கின.

"ஆடு உள்ள கத்துச்சு" என்றாள் சுமினி. "பூட்டு உன்னுது, அதை நாங்க தொடக்கூடாது. சுவரு நாங்க எல்லாரும் சேர்ந்து கட்டினது. அதான் அவுத்தோம்." பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்தாள். "தொறந்து பாரு. எல்லாம் இருக்கான்னு பாரு."

நான் திறக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போல இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் ஆறேழு பேர் வந்து தட்டியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். முன்னைவிட இறுக்கமாகக் கட்டினார்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், குடித்தார்கள். ஒருவரும் முகம் கோணவில்லை. ஆனால் சுமினி அதற்குப் பிறகு சமையல்கட்டுப் பக்கம் வரவில்லை. முன்வாசலில் நின்று "குலொனுவுன்" என்பாள். அது அந்நியர் வீட்டு வாசலில் உத்தரவு கேட்கிற வார்த்தை. நான் போய் வாங்க என்று சொன்னால்தான் உள்ளே வருவாள். மூத்தவன் பிறந்த அன்று வலியில் நான் அலறிக்கொண்டிருக்கிறேன், இவள் வாசலில் நின்று "குலொனுவுன்" என்கிறாள்! "வந்து தொலையேன் அக்கா!" என்று கத்தினேன். வந்தாள். பிள்ளையைக் கையில் ஏந்தியதே அவள்தான். மறுநாள் மறுபடியும் வாசலில் "குலொனுவுன்."

பூட்டை நான் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். வெளியே போகும்போது அவளிடம் போய் "நித்திப்" என்றேன். "யோ" என்றாள். ஒருநாளும் மறுக்கவில்லை. ஆனால் அவள் வீட்டை என்னிடம் விட்டுப் போகவில்லை. அவள் சந்தைக்குப் போகும்போது எனக்கு அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்வாள். என் வாசலைத் தாண்டிப் போய்ச் சொல்வாள். என் காதில் விழும். ஏழு வருஷம். இரண்டாவது குட்டியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். இன்னும் இரண்டு பிள்ளை பெற்றேன், அவள்தான் குளிப்பாட்டினாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அறுபதுகளில் அவருக்குத் துறைமுகக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. போகிற நாள் காலை. சாமான் கட்டியாகிவிட்டது, லாரி வந்து நின்றது. அப்போது சமையல்கட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சுமினி. தலையில் காய்கறிக் கூடை. காலிப் பானையைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சந்தைக்குப் போறேன். நித்திப்."

"யோ" என்றேன். அவள் போய்விட்டாள்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் போய்ச் சுமினி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"என்னா லா இது?" என்றார் என் வீட்டுக்காரர். "நம்ம பூட்டுதான் இருக்கே, அதைப் போட்டுட்டு வா."

"நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவ வந்ததும் நான் பஸ்ல வர்றேன்."

"பைத்தியமா ஒனக்கு? அந்த வீட்ல என்ன இருக்கு?"

"நாலு கோழி" என்றேன்.

லாரி போயிற்று. வெயில் ஏறியது. கோழிகள் என்னைச் சுற்றி மேய்ந்தன. மூன்று மணிக்குமேல் சுமினி வந்தாள். என்னைப் பார்த்ததும் நடை நின்றது.

"நீ போயிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

"எப்படிப் போவேன்? வீட்டக் குடுத்துட்டுப் போனியே."

கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள்துண்டால் முகத்தைத் துடைத்தாள். இரண்டு பேரும் அழுதோம், அதிலென்ன வெட்கம். அப்புறம், "வந்துட்டேன்" என்று வீட்டை வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் என்று காலம் ஓடிவிட்டது. ஒருமுறை தேடிக்கொண்டு போனேன். கம்பமே இல்லை. வேலிபோட்ட பூச்செடிப் பண்ணைகள், லாரியில் போகிற வேலையாட்கள். சந்து முனை எது என்றுகூடத் தெரியவில்லை. சுமினிக்கு ஈசூனில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள் என்று யாரோ சொன்னார்கள், எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை. நானும் பிறகு ஈசூனுக்கே வந்தேன். இந்தக் கதவுகளில் ஒன்றுக்குப் பின்னால் அவள் இருந்திருக்கலாம். நான் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கலாம். எல்லாம் சாத்தியே இருக்கின்றன.

ஆறு மணிக்கு மகன் வந்தான். பக்கத்து வீட்டுப் பெண் இதற்குள் வந்து, என்னைத் தாண்டி, தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டுவிட்டது. மகன் ஆறு எண்களைத் தட்டினான். பூட்டு ஒரு சத்தம் கொடுத்துத் திறந்தது.

"நம்பரை மறக்காதீங்கம்மா. ஆனா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்றதுக்கு யாருடா இருக்கா?" என்றேன்.

அவன் குனிந்து கீரைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.